பொன்னியின் செல்வன் எத்தனை கிராம்?

எங்கள் வீட்டில் இருக்கிற 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களின் மொத்த எடை 2 கிலோ 900 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஈ-ரீடர் என்று ஒரு சமாசாரம் இருக்கிறதே, கையடக்க ஸ்லேட்டு மாதிரி, அதன் எடை சுமார் 200 கிராம். அதற்குள்ளும் இதே ஐந்து பாகம் இருக்கிறது. வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி, ஆழ்வார்க்கடியான், குதிரை, யானை, கடற்புயல் சகலமும் உள்ளே போன பிறகும் மெஷினின் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. இன்னும் ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இடம் பாக்கி.

"அப்புறம் என்ன சார், மெஷினை வாங்கிப் போட்டுவிட்டு அலமாரியை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். மூன்று மாதம் அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியவன் என்ற தகுதியில் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் பி.காம். காலையில் ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு பாத்திரக் கடைக்கும் கணக்கு எழுதுகிறேன். மத்தியானத்துக்கு மேல் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டுக்கும் கொஞ்சம் கற்பனை வேண்டும். பணம் மட்டும் முதலாவதில்தான் தேதி தவறாமல் வருகிறது.

பாங்க்கில் ஆபீஸராக இருக்கும் நண்பன் மூன்று மாத டிரெயினிங்குக்கு ஹைதராபாத் கிளம்பும்போது தன் ஈ-ரீடரை என் கையில் திணித்தான். "அங்க கொண்டுபோனா தொடக்கூட நேரம் இருக்காது. சும்மா கிடக்கறதுக்கு நீ படிச்சிட்டிருடா" என்றான். பிராண்டு என்ன என்று கேட்காதீர்கள். யாரும் எனக்கு விளம்பரக் காசு தரவில்லை. ஓசியில் விளம்பரம் செய்ய நானும் தயாரில்லை.

கோலமாவும் கரித்தூளும்

செல்போனில் படிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று முதல் நாளே என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

செல்போன் திரை என்பது ஒரு விளக்கு. விளக்கை உற்றுப் பார்த்துக்கொண்டு நாம் படிக்கிறோம். ஈ-ரீடர் திரை அப்படியில்லை. அதற்குள் தலைமுடியின் தடிமன் உள்ள லட்சக்கணக்கான குட்டிக் குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் ஒரு திரவம். அந்தத் திரவத்தில் கோலமாவு மாதிரி வெள்ளைத் துகள், கரித்தூள் மாதிரி கறுப்புத் துகள். வெள்ளைக்கு ஒரு வகை மின்னேற்றம், கறுப்புக்கு நேர் எதிர் மின்னேற்றம். கீழேயிருந்து கரண்ட் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். கறுப்பு மேலே வந்த இடம் எழுத்து. வெள்ளை மேலே வந்த இடம் காகிதம். அவ்வளவுதான் விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துகள்கள் ஒரு முறை இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கரண்டே வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் சக்தி செலவு. (நம் அரசாங்க ஆபீஸ் மாதிரி. ஃபைல் நகரும்போது மட்டும்தான் செலவாகும்.) அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. வெயிலில் வைத்தால் செல்போன் கண்ணை மூடிக்கொள்ளும். இது இன்னும் பளிச்சென்று தெரியும், காகிதம் போலவே.

இந்த மை வித்தையைச் செய்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபைச் சேர்ந்தவர்கள். 1997-ல் ஈ-இங்க் என்று கம்பெனி ஆரம்பித்தார்கள். 2004-ல் சோனி கம்பெனி ஜப்பானில் இந்த மையை வைத்து முதல் மெஷினை விற்றது. ரொம்பப் பேர் சீந்தவில்லை. 2007 நவம்பரில் அமேசான் 399 டாலர் விலையில் கிண்டில் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்தரை மணி நேரத்தில் சரக்கு காலி. சோனிக்கு நடக்காதது இவர்களுக்கு ஏன் நடந்தது? மெஷினோடு கடையையும் சேர்த்து விற்றார்கள். படுக்கையில் படுத்தபடியே புத்தகம் வாங்கலாம். கடையும் மெஷினும் ஒரே முதலாளியிடம் இருப்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தாம்பரம் டு பீச்

ரயிலில் ஆபீஸ் போகிறவர்களுக்கு மெஷின் ஒரு வரப்பிரசாதம். சந்தேகமே இல்லை. காலை எட்டரை மணி தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் ரயிலில் நமக்குக் கிடைப்பது ஒரு கை. இன்னொரு கை கம்பிக்கு. ஒரு கையால் முந்நூறு பக்கப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, கட்டைவிரலால் பக்கம் திருப்பிப் பாருங்கள். சர்க்கஸில் சேர்த்துக்கொள்வார்கள். மெஷினில் விரலால் ஒரு தட்டு, பக்கம் மாறிவிடும். பக்கத்தில் நிற்பவர் முழங்கை நம் விலாவில் இருந்தாலும் வாசிப்புக்கு இடைஞ்சல் இல்லை.

நஷ்டமும் உண்டு. தடிமனான ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவதில் படிப்பதைத் தவிர வேறு பிரயோஜனங்களும் இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். எதிர் சீட்டில் இருப்பவர்கள் அட்டையைப் பார்த்து நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயத்துக்கு வருவார்கள். மெஷினுக்கு அட்டை கிடையாது. நீங்கள் படிப்பது டால்ஸ்டாயா, துப்பறியும் நாவலா என்று ஒரு பிராணிக்கும் தெரியாது. குரோம்பேட்டையில் ஏறிய ஒரு பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "என்ன தம்பி, குழந்தை ஸ்லேட்டா?" என்றார்.

அடுத்தது, பக்க எண். மெஷினில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கங்களும் மாறிவிடும். ஆகவே சதவீதம் காட்டுகிறது. "34 சதவீதம்" என்கிறது. கதாநாயகன் காதலைச் சொன்னது 34 சதவீதத்தில், கல்யாணம் நின்றது 61 சதவீதத்தில். கதை படிக்கிறோமா, பாலன்ஸ் ஷீட் படிக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு "அத்தியாயம் முடிய 4 நிமிடம்" என்று ஓர் எச்சரிக்கை. நான் எத்தனை வேகத்தில் படிக்கிறேன் என்று மெஷின் கணக்கெடுக்கிறது. நடுவில் காபி குடிக்கப் போனால் என்னை மந்தபுத்தி என்று முடிவு கட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

காகிதப் புத்தகத்தில் நம் கைகளே கணக்குப் பிள்ளைகள். இடது கையில் கனம் ஏற ஏற, வலது கையில் இளைக்கும். "இன்னும் பத்துப் பக்கம்தான் இருக்கு, கொலைகாரன் யாருன்னு சொல்லியாகணும்" என்று விரலுக்குத் தெரியும். இது வெறும் ஏக்கம் இல்லை. நார்வே நாட்டு ஸ்டாவங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மாங்கன் என்ற பெண்மணியும் சகாக்களும் 2019-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 50 பேர், 28 பக்க மர்மக்கதை ஒன்று. பாதிப் பேருக்குக் காகிதத்தில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். கதை புரிந்ததா என்று கேட்டால், பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் கிட்டத்தட்ட சமம். ஆனால் எது முதலில் நடந்தது, எது அப்புறம் என்று சம்பவங்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது காகிதக்காரர்கள் ஜெயித்தார்கள். புத்தகத்தின் கனமும் ஞாபகத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது போலும்.

'அாசன் மாத்தடியில் நின்றான்'

தமிழுக்கு வருவோம். 2016 டிசம்பரில் அமேசான், இந்திய மொழிகள் ஐந்தில் ஈ-புத்தகக் கடை திறந்தபோது தமிழும் அதில் இருந்தது. ஆனால் தமிழர்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1998 பொங்கலன்றே மதுரைத் திட்டம் என்று ஒன்று ஆரம்பமாகிவிட்டது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகத்தின் மூலை முடுக்கில் இருந்த தமிழர்கள் ஆபீஸ் வேலை முடித்து வந்து, சம்பளம் வாங்காமல், சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரைக்கும் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். நமக்கு ஓவர்டைம் இல்லாமல் ஒரு வவுச்சர் எழுதக் கை வராது!

எல்லா இலவசமும் அத்தனை சுத்தம் இல்லை. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்தை மெஷினையே படிக்கச் சொல்லி, சரிபார்க்காமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மெஷினுக்கு 'ர'வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரிகிறது. நான் இறக்கிக்கொண்ட ஒரு சரித்திர நாவலில் அரசன் 'அாசன்' ஆகிவிட்டான். அவன் மரத்தடியில் நிற்கவில்லை, 'மாத்தடியில்' நின்றான். இருபது பக்கம் இப்படியே போனதும் எனக்கே நாக்கு குழற ஆரம்பித்தது.

இன்னொரு குறை, படம். 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்தபோது மணியம் படம் போட்டார். வந்தியத்தேவன் இப்படித்தான் இருப்பான், நந்தினியின் கொண்டை இப்படித்தான் இருக்கும் என்று தமிழ்நாட்டுக்கு அறிவித்தவர் அவர். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் எத்தனை! பின்பக்கத்தில் அந்தக் காலத்து விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வரும். மெஷினுக்குள் வந்த பொன்னியின் செல்வனில் எழுத்து மட்டும்தான். கதை முழுசாக இருக்கிறது. கல்யாண ஆல்பம் இல்லை.

தேய்மானம் போக

பி.காம். படித்துவிட்டு கணக்குப் போடாமல் இருந்தால் பாவம். மெஷின் விலை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் ஐந்து வருஷம். அதற்கப்புறம் மதிப்பு பூஜ்யம். வருஷத் தேய்மானம் 3,000. ஒரு புத்தகத்துக்கு ஈ-பதிப்பில் நமக்கு 100 ரூபாய் மிச்சம் என்று எடுத்துக்கொண்டால், வருஷத்துக்கு 30 புத்தகம் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். மாதத்துக்கு இரண்டரை. வாங்குகிறவர்கள் கையைத் தூக்குங்கள். வாங்கியதைப் படிக்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்கியபடியே இருங்கள்.

வரியும் உண்டு. அச்சடித்த புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஈ-புத்தகத்துக்கு முதலில் 18 சதவீதம் போட்டார்கள். 2018-ல், அச்சில் வந்த புத்தகத்தின் ஈ-பதிப்பாக இருந்தால் 5 சதவீதம் என்று இறக்கினார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு, 'ஆகவே மெஷின் கட்டுப்படியாகாது, நண்பன் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது' என்று கட்டுரையை முடித்திருப்பேன். இடையில் என் அப்பா வந்துவிட்டார்.

ஹெட்கிளார்க் தீர்ப்பு

அப்பா சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். எழுபத்தாறு வயசு. எங்கள் வீட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து, வாங்கிய தேதி, விலை மூன்றும் இருக்கும். பத்திரம் மாதிரி. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி, அப்புறமும் பார்வை மங்கி, "இனிமேல் கண்ணாடி மாற்றிப் பிரயோஜனம் இல்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாகப் பேப்பரில் தலைப்பு மட்டும் படிப்பார். அலமாரி பக்கம் போவதையே விட்டுவிட்டார். யாராவது படித்துக் காட்டுகிறோம் என்றால், "வேண்டாம்டா, உனக்கு வேலை இருக்கும்" என்று நகர்ந்துவிடுவார். சாப்பாடு, தூக்கம், கோயில் மண்டபம். அவ்வளவுதான் நாள்.

ஒரு நாள் சாயங்காலம் மெஷினில் எழுத்தை இருப்பதிலேயே பெரிசாக வைத்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது வார்த்தைதான் வந்தது. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சத்தமே இல்லை. அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால், ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா, தெரியுதா?"

"நாப்பது பக்கம் தாண்டிட்டேன்டா!" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கைச் சொல்கிற குரல்.

ஐந்து பாகத்தையும் ஏழு வாரத்தில் முடித்தார். ராத்திரி பதினொன்றுக்கு அவர் அறையில் லைட் எரிந்தது. "இந்த மனுஷன் மறுபடியும் கெட்டுப்போயிட்டார்" என்று அம்மா சந்தோஷமாகப் புகார் சொன்னாள். 2 கிலோ 900 கிராமில் இல்லாத ஒன்று இந்த 200 கிராமில் இருந்தது. தேய்மானக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, புதுசாக வந்திருந்த ஒரு நாவலை 199 ரூபாய் கொடுத்து அதில் வாங்கிப் போட்டேன். நான்கு நாளில் முடித்துவிட்டு, "பிரமாதமா எழுதியிருக்கான். இதை நம்ம போஸ்ட்மாஸ்டருக்குக் கொடுத்துட்டு வா" என்றார். மண்டபத்து நண்பர் அவர், ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். முப்பது வருஷமாக இருவரும் புத்தகம் மாற்றிக்கொள்கிறவர்கள். அவர் பேரன் வைத்திருக்கிற டாப்லெட்டில் அவரும் எழுத்தைப் பெரிசாக்கிப் படிப்பாராம்.

"அது முடியாதுப்பா. இது இந்த அக்கவுண்ட்டுக்கு மட்டும்தான் திறக்கும். பூட்டுப் போட்டிருக்கான்."

"அப்ப பொன்னியின் செல்வன்?"

"அது தரலாம்." தரவும் தந்தேன். கோப்பை அனுப்ப அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நம்மிடமும் இருக்கிறது, அவரிடமும் இருக்கிறது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அதென்னடா நியாயம்? காசு கொடுத்து வாங்கினதைத் தர முடியாது. இனாமா வந்ததைத் தரலாம்னா, எது நம்மளுது?"

அவரே சொன்னபடி, இந்த மாதிரிக் கடைகளின் நிபந்தனைகளைப் பெரிய எழுத்தில் திரையில் கொண்டுவந்து கொடுத்தேன். (வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?) நாற்பது வருஷம் பத்திரம் பார்த்த கண். சாராம்சத்தை ஒரே நிமிஷத்தில் பிடித்துவிட்டார். புத்தகம் உங்களுக்கு விற்கப்படவில்லை. படித்துக்கொள்ள உரிமம் மட்டும் தரப்படுகிறது.

"இது கிரயம் இல்லைடா" என்றார். "கிரயம்னா என்ன எழுதுவோம்? புத்திர பௌத்திர பாரம்பரியமா ஆண்டு அனுபவிச்சுக்க வேண்டியது. இதுல பாத்தியதையே இல்லையே. போக்கியம்கூட இல்லை, போட்ட காசு திரும்பி வராது. இது வாடகை. அதுவும் உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு கண்டிஷன் போட்ட வாடகை."

பி.காமில் மெர்க்கண்டைல் லா படித்தவர்களுக்கு 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். விலையை வாங்கிக்கொண்டு சொத்துரிமையை மாற்றிக் கொடுத்தால்தான் அது விற்பனை. அச்சுப் புத்தகம் வாங்கும்போது நடப்பது அது. அதனால்தான் படித்தபின் தங்கைக்குக் கொடுக்கலாம், லைப்ரரிக்குத் தானம் செய்யலாம், திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் விற்கலாம். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அத்தனையும் அந்த ஒரு உரிமையின்மேல் கட்டப்பட்டவைதான். பூட்டுப் போட்ட ஈ-புத்தகத்துக்குப் பழைய புத்தகக் கடை என்று ஒன்று இருக்கவே முடியாது.

வீட்டுக்காரர் வந்தால்

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். தட்டியிருக்கிறார்கள்.

2009 ஜூலையில் அமெரிக்காவில், காசு கொடுத்து வாங்கிய சிலருடைய கிண்டிலிலிருந்து இரண்டு புத்தகங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின. விற்ற பார்ட்டிக்கு அதை விற்கும் உரிமை கிடையாது என்று தெரிந்ததும், அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷினுக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டுவிட்டது. என்ன புத்தகங்கள் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'அனிமல் ஃபார்ம்'. சர்க்கார் சகலத்தையும் கண்காணித்துப் பழைய காகிதங்களை அழித்துக்கொண்டே இருப்பதைப் பற்றிய நாவல் முதலாவது! இதைக் கற்பனையாக எழுதி அனுப்பியிருந்தால் எடிட்டர் நம்ப மாட்டார். கம்பெனித் தலைவர் ஜெஃப் பெசோஸ் பிற்பாடு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் ஈ-புத்தகக் கடையை மூடியது. கடையை மூடினால் கடைக்காரர் வீட்டுக்குப் போவார். நாம் வாங்கிய புத்தகம் நம் வீட்டில் இருக்கும். அது பழைய வழக்கம். இங்கே கடையோடு புத்தகங்களும் மூடிக்கொண்டன. காசை முழுசாகத் திருப்பினார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். வாழ்நாளில் உங்களுக்குத் தோன்றிய யோசனைகளுக்கு மார்க்கெட் ரேட் அது.

2025 பிப்ரவரியில், வாங்கிய ஈ-புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒயர் வழியாக மெஷினுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது. அதே வருஷம் ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: உரிமம் மட்டும் தருகிறவர்கள் 'வாங்குங்கள்' என்று பட்டன் வைத்தால், இது உரிமம்தான் என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா மாதிரி ஒரு ஹெட்கிளார்க் அங்கேயும் இருந்திருக்க வேண்டும்.

அச்சுப் புத்தகம் சிரஞ்சீவி என்று சொல்ல வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் புத்தகங்களை மொட்டை மாடியில் அப்பளம் மாதிரி உலர்த்தினார்கள். பாதி அப்பளமாகவே ஆகிவிட்டன. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பல். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவே இல்லை. உ.வே. சாமிநாதையர் ஏன் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார்? எங்கோ ஒரு பரணில் இன்னொரு பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். இருந்ததால் 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது. ஓலையோ, காகிதமோ, கோப்போ, பல கைகளில் இருந்தது பிழைக்கிறது. ஒரே இடத்தில் பூட்டி வைத்தது போய்விடுகிறது.

இந்த விஷயத்தில் தமிழனுக்கு ஓர் அதிர்ஷ்டம். எழுத்தாளர் மறைந்து அறுபது வருஷம் வரை காப்பிரைட் உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் தமிழ்நாட்டு அரசாங்கம் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்குகிறது. பாரதியின் எழுத்து 1949-லேயே அரசிடம் வந்து, பின்பு பொதுச்சொத்து ஆனது. கல்கியின் எழுத்து 1999-ல் நாட்டுடைமை. காப்பிரைட் தானாக முடிவதற்கு முன்னாலேயே! அதனால்தான் போஸ்ட்மாஸ்டருக்கு அந்தக் கோப்பைத் தைரியமாகக் கொடுக்க முடிந்தது. அது வாடகை இல்லை. ஊர்ப் பொதுக்கிணறு.

ஆகவே...

மூன்று மாத அனுபவத்தில் நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதிகள் இவை. உங்களுக்கும் உபயோகப்படலாம்.

நாட்டுடைமையான பழைய புத்தகமா? மெஷினில் தாராளமாகப் படியுங்கள். மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இருக்கின்றன. நல்ல பிரதியாகப் பார்த்து இறக்கிக்கொண்டு, இரண்டு பேருக்குக் கொடுங்கள்.

ரயிலில் படித்து எழும்பூரில் மறந்துவிடப் போகிற கதையா? மெஷின் போதும். அதற்கு வாடகை கொடுப்பதில் தப்பில்லை; சினிமாவுக்கு டிக்கெட் வாங்குகிறோமே.

படித்து முடித்ததும் 'இதை அவனுக்குக் கொடுக்கணும்' என்று ஒரு முகம் ஞாபகம் வருகிற புத்தகமா? காகிதத்தில் வாங்குங்கள். ஜனவரி புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. சில பதிப்பாளர்கள் பூட்டில்லாமலே ஈ-புத்தகம் விற்கிறார்கள், விசாரித்து வாங்குங்கள். வீட்டில் பார்வை மங்கிய பெரியவர் இருந்தால் மட்டும், இந்த விதிகளையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் மெஷினை வாங்குங்கள்.

நண்பன் ஹைதராபாத்திலிருந்து வந்து தன் மெஷினை வாங்கிக்கொண்டு போனான். மறுவாரமே இரண்டு மாதச் சன்மானத்தைத் திரட்டி அப்பாவுக்கு ஒன்று வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்ததும் பில்லைக் கேட்டு வாங்கி, சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். "மெஷின் கிரயம்தானே?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு ஊர்ஜிதம் செய்துகொண்டார். பிறகு அதன் உறையைத் திருப்பி, அழியாத மார்க்கரில் பேர், தேதி, விலை மூன்றையும் எழுதினார்.

"உறையில ஏம்ப்பா எழுதறீங்க?" என்றேன்.

"உள்ளே எழுத நமக்கு ஏதுடா இடம்?" என்றார்.